லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை: ஒரு மரச்செக்குக் கடையின் இன்ஸ்டா கணக்கு

ஃபாலோயர்ஸை எப்படிக் கூட்டுவது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். எழுதியிருப்பதை முழுசாகப் படித்தால் கேள்வி வேறாக இருக்கிறது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் அம்மாவும் நீங்களுமாக இரண்டு மரச்செக்கு ஓட்டுகிறீர்கள். கடலை, எள், தேங்காய் மூன்றும் ஆட்டுகிறீர்கள். ஒன்றரை வருடமாக இன்ஸ்டாகிராமில் தினம் ஒரு போஸ்ட், 6,000 சொச்சம் ஃபாலோயர்ஸ். ஒரு ரீலை மட்டும் 80,000 பேர் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஆர்டர் மாதம் பத்தைத் தாண்டவில்லை. இப்போது ஒரு ஏஜென்சி மாதம் 15,000 ரூபாய்க்குப் பன்னிரண்டு போஸ்டர், எட்டு ரீல் போட்டுத் தருகிறேன் என்கிறது. சேரலாமா, வேண்டாமா? அதற்கும் அடியில், இத்தனை பேர் பார்த்தும் ஏன் வாங்க மாட்டேன் என்கிறார்கள்? இந்த இரண்டுக்கும்தான் பதில் எழுதுகிறேன்.

கோவை, திருப்பூர் பக்கம் சின்னக் கடைகள், வீட்டுத் தொழில்கள் ஆகியவற்றின் சமூக ஊடகக் கணக்குகளைப் பார்த்துக்கொள்வது பல வருடமாக என் பிழைப்பு. பேக்கரி, சேலைக்கடை, நர்சரி என்று பலதும் உண்டு. எண்ணெய் மில்லும் உண்டு. அமேசான் மாதிரியான தளங்களில் விற்பதும், வெளிநாட்டுக்கு அனுப்புவதும் நான் செய்யாத வேலை. அந்தப் பக்கம் போகாமல் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. உங்கள் செக்கில் ஒரு ஆட்டுக்கு, அதாவது ஒரு தடவை ஆட்டுவதற்கு, பதினைந்து கிலோ நிலக்கடலைப் பருப்பு போட்டால் ஏறத்தாழ ஆறு லிட்டர் எண்ணெய் வரும். ஒரு செக்கில் நாளைக்கு ஆறு ஆட்டு, இரண்டு செக்கு, மாதம் 25 நாள் என்று வைத்தால் 1,800 லிட்டர். தேங்காய்க்கு எண்ணெய் கூடுதலாக வரும் என்பதால் கொஞ்சம் ஏறலாம். கரண்ட் போனால், ஆள் வராவிட்டால் இறங்கும். நாலு பேர் இருக்கும் வீட்டில் எல்லா எண்ணெயும் சேர்த்து மாதம் மூன்று, நான்கு லிட்டர் செலவாகிறது. அப்படியென்றால் நிரந்தரமாக 450 குடும்பம் கிடைத்தாலே உங்கள் இரண்டு செக்கும் மூச்சு விடாமல் ஓட வேண்டும். உங்களுக்கு வேண்டியது இந்த 450 குடும்பம். லட்சம் ஃபாலோயர்ஸ் வந்தாலும் அவர்களுக்கு ஊற்ற உங்களிடம் எண்ணெய் இல்லை. எண்ணெய் என்பது சேலை மாதிரி பார்த்து மயங்கி ஒருமுறை வாங்கும் பொருளும் இல்லை. தீர்ந்தால் வாங்கியே ஆக வேண்டும், மாதாமாதம் வாங்க வேண்டும். அதனால் சேலைக்கடைப் பக்கங்களைப் பார்த்து நீங்கள் காப்பி அடித்த பாதி விஷயம் உங்களுக்குப் பொருந்தாது.

அடுத்து, அந்த 80,000 பேர் யார் என்று பாருங்கள். பிசினஸ் கணக்கில் இன்சைட்ஸ் பகுதிக்குப் போனால் ஃபாலோயர்ஸ் எந்த ஊர்க்காரர்கள் என்று வரும். சென்னை, பெங்களூரு, துபாய் என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஊரை விட்டுப் போனவர்களுக்குச் செக்கு சுற்றுவதைப் பார்த்தால் ஒரு சந்தோஷம். லைக் போடுவார்கள், ‘எங்க பாட்டி வீட்டு ஞாபகம்’ என்று கமெண்டும் எழுதுவார்கள். அவர்களுக்கு ஐந்து லிட்டர் அனுப்பிப் பாருங்கள். எண்ணெயும் கேனும் அட்டைப்பெட்டியும் சேர்ந்து ஐந்து கிலோ. கூரியரில் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் என்றாலே 250 ரூபாய், லிட்டருக்கு ஐம்பது ரூபாய் கூடிப்போகிறது. வழியில் மூடி கசிந்தால் அந்தப் பெட்டி மட்டுமல்ல, பக்கத்தில் இருந்த அடுத்தவர் பார்சலும் நாசம். எனக்குத் தெரிந்த மில்காரர் ஒருவரின் வீடியோ பல லட்சம் பேரைத் தொட்டது. அந்த வாரம் முழுக்க அவர் செக்கடிக்குப் போகவில்லை. போனில் கசிவுப் பஞ்சாயத்தும் ரீஃபண்டும் பேசியே ஓய்ந்துபோனார். திருப்பூர், தாராபுரம், ஈரோடு எல்லாம் உங்களுக்கு வேனில் ஒரு மணி நேரச் சுற்றில் இருக்கின்றன. திருப்பூர் ஒரு ஊரில் மட்டும் எத்தனை அபார்ட்மெண்ட், எத்தனை பனியன் கம்பெனி குவார்ட்டர்ஸ்! செவ்வாய்க்கிழமை திருப்பூர், வெள்ளிக்கிழமை ஈரோடு என்று நாள் குறித்து வேன் அனுப்பினால் கூரியர் கணக்கே வராது. இனி போடும் ஒவ்வொரு போஸ்டும் இந்தச் சுற்றுக்குள் இருப்பவருக்கு என்று நினைத்துப் போடுங்கள். வியூ குறையும். குறையட்டும்.

உங்கள் பக்கத்தில் எந்த போஸ்டிலும் விலை இல்லை. ‘விலைக்கு டிஎம் பண்ணவும்’ என்று இருக்கிறது. இப்படி எழுதினால் கமெண்ட் கூடும், கமெண்ட் கூடினால் ரீல் ஓடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஓடலாம். ஆனால் சமையலுக்கு எண்ணெய் வாங்குகிறவர் பட்ஜெட் போடுகிறவர். விலை கண்ணில் படாவிட்டால் ‘இது நமக்குக் கட்டாது’ என்று நினைத்துத் தள்ளிவிட்டுப் போய்விடுவார், கேட்கவே மாட்டார். போட்டிக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்ற பயம் வேண்டாம். அவருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும். தேதி போட்டு விலைப்பட்டியல் வையுங்கள். ஏறும்போது ஏன் ஏறியது என்றும் சொல்லுங்கள். 2025-ல் கொப்பரை விலை எகிறியபோது தேங்காய் எண்ணெய் விற்ற எல்லோரும் திட்டு வாங்கினார்கள். கொப்பரை ஏலத்தில் கிலோ என்ன விலைக்குப் போனது, ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ கொப்பரை பிடிக்கிறது, ஆட்டுக்கூலி எவ்வளவு, பாட்டில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அதையே படம் பிடித்துப் போட்டவர்களுக்குத் திட்டு குறைவு. காங்கேயம் சுற்றுவட்டாரமே கொப்பரைக் களம்தான். அவல்பூந்துறையிலும் பெருந்துறையிலும் ஏலம் நடப்பது உங்கள் வாடிக்கையாளருக்குப் பாதிப்பேருக்குத் தெரியாது. அவர்களுக்கு அது செய்தி.

பக்கத்தின் முகப்பைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் போதும். ‘ப்யூர், நேச்சுரல், ஹெல்தி’ என்று இருப்பதை எடுத்துவிட்டு, ஊர்ப்பெயர், என்ன எண்ணெய், எந்தெந்த ஊருக்கு எந்த நாளில் டெலிவரி, வாட்ஸ்அப் லிங்க் என்று மாற்றுங்கள். பெயர் போடும் கட்டத்திலேயே ‘மரச்செக்கு எண்ணெய் காங்கேயம்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள், தேடுபவருக்குத் தட்டுப்படும். மேலே மூன்று போஸ்டைப் பின் செய்து வைக்கலாம்: ஒன்று விலை, ஒன்று ஆர்டர் செய்யும் விதம், ஒன்று மில் இருக்கும் இடமும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) உங்களுக்குக் கொடுத்த பதினாலு இலக்க எண்ணும்.

இனி வாட்ஸ்அப். உங்கள் பணம் இருப்பது அங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். தனி சிம், தனி நம்பர், வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. சொந்த நம்பரில் கடை நடத்தினால் அத்தை அனுப்பும் குட்மார்னிங்குக்கு நடுவில் ஆர்டர் அமுங்கிப்போகும். கேட்டலாகில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர், ஐந்து லிட்டர் என்று விலையோடு ஏற்றிவிடுங்கள். அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்குக் குயிக் ரிப்ளை வைத்துக்கொண்டால் அம்மாகூட இரண்டு தட்டில் பதில் அனுப்பிவிடலாம். லேபிளில் ‘திருப்பூர் செவ்வாய்’, ‘ஈரோடு வெள்ளி’, ‘பணம் பாக்கி’ என்று பிரித்து வையுங்கள். பதில் போடும் நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். இரவு எட்டரை மணிக்கு ரீலைப் பார்த்து ஒருவர் ‘கடலெண்ணெய் 5 லிட்டர் என்ன விலைங்க’ என்று கேட்கிறார். நீங்கள் மறுநாள் பதினோரு மணிக்கு ‘ஹாய் மேம்’ என்று ஆரம்பித்தால் அதற்குள் அவர் மளிகைக்கடையில் வாங்கி முடித்திருப்பார். உங்கள் கணக்கில் போன மாதம் எத்தனை பேர் விலை கேட்டார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் போனது என்று எண்ணிப் பாருங்கள். பத்து ஆர்டர் ஏன் இருபது ஆகவில்லை என்பதற்குப் பாதிப் பதில் அதில் கிடைத்துவிடும் என்பது என் கணிப்பு.

வாங்கியவருக்கு டெலிவரி கொடுக்கும்போதே, ‘நம்ம நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க’ என்று கேட்டு வாங்குங்கள். பிராட்காஸ்ட் லிஸ்ட் என்பது ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி; அதில் நீங்கள் அனுப்புவது உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே போகும். ஒரு லிஸ்டில் 256 பேர்தான். உங்களுக்கு வேண்டிய 450 குடும்பத்துக்கு இரண்டு லிஸ்ட் போதும். நம்பரைச் சேமித்தவர் கண்ணில்தான் உங்கள் ஸ்டேட்டஸும் படும். எந்தக் குடும்பம் எந்தத் தேதியில் என்ன வாங்கியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், கூகுள் ஷீட் தெரிந்தால் அதில். ஐந்து லிட்டர் வாங்கியவருக்கு நாற்பது நாள் கழித்து, ‘அக்கா, எண்ணெய் தீர்ந்திருக்குமே, செவ்வாய்க்கிழமை வண்டி வருது, போட்டுவிடட்டுமா?’ என்று ஒரு வரி. இது விளம்பரமாகத் தெரியாது. கடைக்காரர் ஞாபகம் வைத்திருக்கிறார் என்றுதான் படும். தீபாவளிப் பலகாரத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் கடலெண்ணெய், கார்த்திகைக்கு விளக்கெரிக்க நல்லெண்ணெய் என்று காலத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வாரம் ஒன்றுக்கு மேல் போகாதீர்கள். ஆயிரக்கணக்கான நம்பருக்கு மொத்தமாக மெசேஜ் அனுப்பும் சாஃப்ட்வேர் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். நாலு பேர் ரிப்போர்ட் செய்தாலே நம்பர் முடங்கும் ஆபத்து உண்டு. நம்பரோடு வாடிக்கையாளரும் போவார்கள்.

என்ன வீடியோ எடுப்பது? தினம் போட்டுக் களைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். களைக்கத்தான் செய்யும், யோசித்து யோசித்து எடுத்தால் ஒரு மாதத்தில் சரக்கு தீர்ந்துவிடும். யோசிக்கவே தேவையில்லை, வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளை எடுங்கள். கடலெண்ணெய் சட்டியில் ஏன் இப்படி நுரைக்கிறது? மார்கழியில் தேங்காய் எண்ணெய் ஏன் உறைந்துபோகிறது, கலப்படமா? போன தடவை வந்த நல்லெண்ணெய் இன்னும் கருப்பாக இருந்ததே? அடியில் மண்டி நிற்கிறதே? எள்ளோடு கருப்பட்டி எதற்குப் போடுகிறீர்கள்? ஒவ்வொன்றும் ஒரு ரீல். செக்கெண்ணெயைச் சுத்திகரிப்பதில்லை என்பதால் பசைப்பொருளும் துளி ஈரமும் அதில் நிற்கின்றன, அதனால் நுரை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் தானாக உறையும். அம்மா செக்கடியில் நின்றபடி, கொங்குத் தமிழில், முப்பது விநாடியில் இதைச் சொன்னால் போதும். நீங்கள் எழுதிக் கொடுத்த வசனத்தை அவர் ஒப்பிக்க வேண்டாம். கேமராவுக்குப் பின்னால் நின்று நீங்கள் கேளுங்கள், அவர் எப்போதும் சொல்வது போலவே சொல்லட்டும்.

எடுக்கும் முறையிலும் ஓரிரு விஷயம். முதல் இரண்டு மூன்று விநாடியில் லோகோ சுழலக் கூடாது. நேராக எண்ணெய் வடியும் இடத்திலிருந்தோ, அந்தக் கேள்வியிலிருந்தோ தொடங்குங்கள். பஸ்ஸிலும் ஆபீஸிலும் சத்தத்தை அணைத்துப் பார்ப்பவர்கள் நிறைய, அதனால் பேசுவது எழுத்தாகவும் திரையில் வரட்டும். சினிமாப் பாட்டு போடாதீர்கள். பிசினஸ் கணக்குக்கு இன்ஸ்டா தரும் பாட்டுப் பட்டியலே குறுகியது. வேறு வழியில் சேர்த்தால் சத்தம் துண்டிக்கப்படலாம், வியாபாரத்துக்குப் பயன்படுத்தினாய் என்று உரிமைக்காரர் கேட்டால் பதில் இல்லை. உங்களிடம் வாகை மரச் செக்கு கிறீச்சிடும் சத்தம் இருக்கிறது, அதைவிட என்ன பாட்டு? சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எள் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்ப்பது, கொப்பரையை உடைத்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது, பூஞ்சை பிடித்த கடலையைப் பொறுக்கி வீசுவது, வெயிலில் வைத்துத் தெளிய விடுவது, புண்ணாக்கு வாங்க மாட்டுக்காரர் வந்து நிற்பது. வாங்குபவர் கண்ணால் பார்க்க விரும்புவது இதைத்தான், ஏனென்றால் செக்கெண்ணெய் என்ற பெயரில் என்னென்னவோ விற்கிறது என்ற சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. வாரம் மூன்று போதும். பொங்கல் வாழ்த்து, மகளிர் தின வாழ்த்து என்று லோகோவோடு போஸ்டர் போடுவதை நிறுத்திவிடுங்கள். வாழ்த்துப் போஸ்டரைப் பார்த்து யாரும் எண்ணெய் வாங்கி நான் கண்டதில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உங்கள் பழைய ரீல் ஒன்றில் ‘சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும், கொலஸ்ட்ராலைக் கரைக்கும்’ என்று இருக்கிறது. இன்றே எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போன்றவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லிருந்தே ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. உணவு விளம்பரத்தில் எதைச் சொல்லலாம், கூடாது என்று எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-ல் தனி விதிமுறை கொண்டுவந்தது. சமையல் எண்ணெய் லேபிளில் ‘ஆன்டி கொலஸ்ட்ரால்’, ‘கொலஸ்ட்ரால் ஃபைட்டர்’ மாதிரி சொற்களே தடை. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும். சட்டத்தை விடுங்கள், தாவர எண்ணெய் எதிலுமே இயற்கையாகக் கொலஸ்ட்ரால் இருப்பதில்லை. இது தெரிந்த வாடிக்கையாளர் உங்கள் மீதி வார்த்தைகளையும் நம்பமாட்டார். வாடிக்கையாளர் கொண்டுவரும் தூக்குப்பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றும் வீடியோவும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சமையல் எண்ணெயை உதிரியாக விற்கக் கூடாது என்பது விதி, மாநில அரசு விலக்கு அளித்தால் தவிர. உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் நடைமுறையைக் கேட்டுவிட்டு அதை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று முடிவு செய்யுங்கள். கந்தகம் போடாத கொப்பரை என்று சொல்வதென்றால் ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அந்த அறிக்கையே நல்ல போஸ்ட்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் குறைவு. இனி வருவது அப்படியில்லை. எந்த நேரத்தில் போட்டால் ஓடும், எத்தனை ஹேஷ்டேக், தினமும் போடாவிட்டால் பக்கம் செத்துவிடுமா என்பதற்கெல்லாம் அடித்துச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கணக்குக்குக் கணக்கு மாறுகிறது. ஆறு மாதம் முன்பு பலித்தது இப்போது பலிப்பதில்லை. ஓரளவு நம்பத்தக்கது இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 தொடக்கத்தில் சொன்னது: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், லைக், அடுத்தவருக்கு எத்தனை பேர் அனுப்புகிறார்கள் என்ற மூன்றும்தான் முக்கியமாகப் பார்க்கப்படுகின்றன, புது ஆட்களை எட்டுவதற்கு அனுப்புவது கூடுதல் முக்கியம். அதனால்தான் நுரைக்கிற கேள்வியை எடுக்கச் சொன்னேன். அக்கா தங்கைக்கு அனுப்புவாள். செக்கு சுற்றுவதை மட்டும் காட்டினால் லைக்கோடு நின்றுவிடும். யூடியூப் ஷார்ட்ஸிலும் அதே வீடியோவைப் போடுங்கள், காசா பணமா. எவ்வளவு பலன் என்று என்னால் உறுதி தர முடியாது.

விளம்பரம் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம், ஆனால் முதல் ஐம்பது குடும்பம் மறுபடி வாங்குகிறதா என்று பார்த்த பிறகு. ரீலுக்குக் கீழே இருக்கும் பூஸ்ட் பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் லைக்கும் பார்வையும்தான் வாங்குவீர்கள். விளம்பரத்தை விவரமாக அமைக்கும் ஆட்ஸ் மேனேஜரில் போய், வாட்ஸ்அப்பில் பேச்சைத் தொடங்கும் வகை விளம்பரம், திருப்பூரைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர், நாளைக்கு 300 ரூபாய், பத்து நாள் என்று கொடுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 3,540 ரூபாய் போகும். ஐம்பது பேர் மெசேஜ் போட்டு, பத்துப் பேர் ஆளுக்கு இரண்டு லிட்டர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாச் செலவும் போக லிட்டருக்கு 40 ரூபாய் நின்றால் கையில் 800 ரூபாய்தான். 2,740 ரூபாய் நட்டம். ஆனால் அந்தப் பத்தில் ஐந்து குடும்பம் மாதம் மூன்று லிட்டர் வாங்கத் தொடங்கினால் மாதம் 600 ரூபாய் வரும், ஐந்தாவது மாதம் போட்டது திரும்பிவிடும், அதற்கு மேல் வருவதெல்லாம் உங்களுடையது. மறுபடி வாங்கவில்லை என்றால் எவ்வளவு விளம்பரம் கொடுத்தாலும் நட்டம் நட்டம்தான். எண்கள் நான் போட்டவை. உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்.

ஃபுட் விலாகர்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். லட்சக்கணக்கில் ஃபாலோயர்ஸ் உள்ளவர் வந்து போனால் கூட்டம் வரும், சென்னையிலிருந்து வரும், மறுபடியும் கூரியர் கதை. திருப்பூரில் வீட்டுச் சமையல் போடும் சின்னக் கணக்குக்காரர் ஒருவரிடம் இரண்டு லிட்டர் கொடுத்து ஒரு மாதம் சமைக்கச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் இரண்டு பக்கத்திலும் வருகிற மாதிரி கொலாப் ரீல் போடலாம். இலவசமாகக் கொடுத்தாலும் அது விளம்பரம்தான். அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2021-லேயே விளம்பரத் தரக் கவுன்சில் சொல்லிவிட்டது, 2023-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் சொன்னது.

கூகுள் மேப்பில் மில்லைத் தேடிப் பார்த்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பக்கத்து டீக்கடைதான் வந்ததாம். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர், நேரம், நம்பர், போர்டு தெரிகிற படம். எண்ணெய் வாங்க இப்போதே முடிவு செய்துவிட்டவர் தேடும் இடம் அதுதான், எண்பதாயிரம் வியூவை விட அந்தத் தேடலில் வரும் எட்டுப் பேர் மதிப்பு அதிகம். பில் கொடுக்கும்போது ரிவ்யூவுக்கான க்யூஆரை நீட்டுங்கள். ரிவ்யூ போட்டால் பத்து ரூபாய் தள்ளுபடி என்று மட்டும் சொல்லாதீர்கள், கூகுள் அதை அனுமதிப்பதில்லை.

ஏஜென்சிக்கு வருகிறேன். இப்போது வேண்டாம். பன்னிரண்டு போஸ்டரும் எட்டு ரீலும் உங்களிடம் இல்லாத சரக்கு இல்லை. உங்களிடம் இல்லாதது விலைப்பட்டியலும் உடனே பதில் சொல்லும் ஆளும் டெலிவரி நாளும். அந்த 15,000-த்தில் மூன்று மாதத்துக்கு, மாலை ஆறு முதல் ஒன்பது வரை வாட்ஸ்அப்பையும் நோட்டையும் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் யாருக்காவது பகுதிநேரச் சம்பளம் கொடுங்கள், மீதியில் வேனுக்கு டீசல் போடுங்கள். பிறகு எப்போதாவது ஏஜென்சியை வைத்தால், இன்ஸ்டா, ஃபேஸ்புக் பக்கம், விளம்பரக் கணக்கு மூன்றுக்கும் உரிமையாளர் நீங்களாக இருக்க வேண்டும். அவர்களுக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும். எடுத்த வீடியோவின் மூலக் கோப்பு உங்களிடம் வர வேண்டும். மாத அறிக்கையில் ரீச் இத்தனை, இம்ப்ரெஷன் இத்தனை என்று வண்ண வண்ணமாகக் காட்டினால், வாட்ஸ்அப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை இன்றே போடுங்கள். ‘காப்பிரைட் புகார் வந்திருக்கிறது, 24 மணி நேரத்தில் பக்கம் அழிக்கப்படும்’ என்று இன்ஸ்டாவை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் பெயரில் மெசேஜ் வந்தால் லிங்க்கைத் தொடாதீர்கள், பாஸ்வேர்டைத் திருடுபவர்கள் அவர்கள். ஆர்டர் கூடக் கூட, பணம் போட்டுவிட்டேன் என்று போலி ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர்களும் வருவார்கள். வங்கிக் கணக்கில் வரவு விழுந்ததைப் பார்த்த பிறகே கேனை வேனில் ஏற்றுங்கள்.

இன்னும் இரண்டு விவரம் சொன்னால் டெலிவரிச் சுற்றைப் பற்றிக் கொஞ்சம் தெளிவாகச் சொல்ல முடியும். இப்போது மில்லுக்கே நேரில் வந்து வாங்குபவர்கள் மாதம் எத்தனை பேர், அவர்கள் எந்தெந்த ஊர்? அவர்களுடைய நம்பர் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் முதல் பிராட்காஸ்ட் லிஸ்டை அவர்களை வைத்தே இந்த வாரம் தொடங்கிவிடலாம், இன்ஸ்டாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.